ஏழு சொன்னால் போதும்

— ஏழுன்னு சொல்லு. ஏழு போதும்.

— ஏன், எட்டு ஒம்போதெல்லாம் வேற யாருக்காவது எடுத்து வெச்சிருக்கீங்களா?

— விளையாடாத. எட்டுன்னா நம்ப மாட்டாங்க. ஆறுன்னா நமக்கு உதவாது. கணக்குப்படி பாத்தா ஏழுதான் பதமான நம்பர்.

— நான் இன்னும் பல்லுகூட விளக்கல. ஞாயித்துக்கிழமை அதுவுமா. அடுப்புல பால் இருக்கு, பொங்காம பாருங்க.

— பால நான் பாத்துக்கறேன், நீ என்னைப் பாரு. சர்வே எடுக்கற அந்தப் பொண்ணு பத்து மணிக்கு வந்துடும். கையில ஏணிப் படம் ஒண்ணு வெச்சிருக்கும். அடிப்படி பூஜ்யம், உச்சிப்படி பத்து. உனக்குக் கிடைக்கக்கூடிய ரொம்ப நல்ல வாழ்க்கை உச்சியில, ரொம்ப மோசமான வாழ்க்கை அடியில. 'இப்ப நீங்க எந்தப் படியில நிக்கறீங்க?'ன்னு கேக்கும். நீ என்ன சொல்லுவ?

— பால் பொங்குதுன்னு சொல்லுவேன்.

— ஐயோ!

— அணைங்க மொதல்ல. அந்தத் துணி எடுக்காதீங்க, அது கை தொடைக்கிற துணி. இது... இதுவும் இல்ல. விடுங்க, தள்ளுங்க. கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல அடுப்புத் துணி எதுன்னு தெரியல.

— மனுஷன் டென்ஷன்ல இருக்கான், நீ துணியப் புடிச்சிட்டுத் தொங்கற. நேத்தே நான் பதில் சொல்றேன்னு அந்தப் பொண்ணுகிட்ட எவ்வளவோ சொன்னேன். வீட்டுல பெரியவங்க யார் யாருன்னு கேட்டுச்சு, ரெண்டு பேரையும் சொன்னேன். போன்ல ஏதோ தட்டுச்சு. உன் பேர் வந்துடுச்சு. 'சார், இது யாரைச் சொல்லுதோ அவங்களைத்தான் கேக்கணும், அவங்க இல்லன்னா நாளைக்கு வரேன்'னு போயிடுச்சு. இந்தத் தெருவுல எத்தன வீடு இருக்கு! நம்ம கதவையா தட்டணும்?

— வந்தது நல்லதுதான். என்னையும் மதிச்சு ஒரு கேள்வி கேக்க ஆள் வருது.

— உனக்கு இதோட கனம் புரியல. நாடு பூரா மொத்தம் ஆயிரம் பேரைத்தான் கேக்கறாங்க. புரியுதா இல்லையா? ஆயிரமே பேர். அப்ப நீ ஒருத்தி ஒரு நம்பர் சொன்னா பல்லாயிரம் பேர் சேந்து சொன்ன மாதிரி.

— அத்தன பேருக்கும் சேத்து நான்தான் பேசணுமா? அவங்க பாத்திரத்தையும் நானே கழுவிடவா?

— சிரிக்காத. உலக சந்தோஷப் பட்டியல்ல போன வருஷம் தொண்ணூத்தாறாவது இடத்துல இருந்தோம். இந்த வருஷம் நூத்தி நாலு. பட்டியல் வந்த அன்னிக்கு இயக்குநர் எங்க பிரிவுல எல்லாரையும் நிக்க வெச்சே பேசினாரு. உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லல. 'நாட்டோட தரவரிசையப் பாத்துக்கறதுக்குன்னு ஒரு பிரிவு. அந்தப் பிரிவு இருக்கும்போதே இப்படி இறங்குதுன்னா, அது இல்லாமலே இறங்கிட்டுப் போகட்டுமே, சம்பளமாவது மிச்சம்'னாரு. இன்னொரு தடவை இறங்கினா கலைச்சுடுவாங்க. என்னைப் பழைய கோப்பு அடுக்கி வெச்சிருக்கற கிடங்குக்கு அனுப்பிடுவாங்க. ஜன்னல் இல்லாத கிடங்கு.

— நீங்கதான் இப்பவும் ஜன்னலத் தொறக்கறதே இல்லையே.

— குடிதண்ணியில ஏறிட்டோம். சராசரி ஆயுள்ல ஏறிட்டோம். பள்ளிக்கூடத்துல ரெண்டு இடம் முன்னாடி வந்துட்டோம். எல்லாத்துலயும் ஏறி வந்து, இந்த ஒரு கேள்வி காலை வாரி விடுது. ஜனங்க கூசாம மூணுங்கறாங்க, நாலுங்கறாங்க.

— ஒருவேளை மூணுலதான் இருக்காங்களோ என்னவோ.

— எப்படி இருக்க முடியும்? கரண்ட் இருக்கு, ரோடு இருக்கு, தடுப்பூசி இருக்கு. கணக்குப்படி பாத்தா அஞ்சே முக்காலுக்குக் கீழ போக ஒரு காரணமும் கிடையாது. வாய்க்கு வந்ததச் சொல்றாங்க. அதுக்கு நான் வருஷா வருஷம் இருபது பக்கம் விளக்கம் எழுதணும்.

— சரி, அப்படியா சங்கதி. அப்ப என்னோடது எத்தனை? கணக்குப்படி பாத்துச் சொல்லுங்க.

— உன்னோடதா?

— ம். கூட்டிப் பாருங்க. உங்களுக்குத் தெரியாததா.

— சொந்த வீடு. ரெண்டு நேரமும் தண்ணி. நீயும் சம்பாதிக்கற. பொண்ணு விடுதியில தங்கி நல்லாப் படிக்குது. நான் குடிக்கறதில்ல.

— அடிக்கறதில்ல, அதையும் சேத்துக்குங்க.

— அதுக்குத் தனியாவே மார்க் உண்டு. உடம்பும் பரவாயில்ல. கைகூட இப்ப சரியாயிடுச்சே.

— எந்தக் கை?

— அதான், குளியலறையில வழுக்கி விழுந்து உடைச்சுக்கிட்டியே. வலது கை.

— வலதா?

— இடதா?

— டீயில சர்க்கரை போட்டாச்சா?

— எந்தக் கையா இருந்தா என்ன, சரியாயிடுச்சுன்னுதானே சொன்னேன்! இடதோ வலதோ, கணக்குல ஒண்ணுதான். மொத்தமா கூட்டினா ஆறே முக்கால். அதைத்தான் முழுசாக்கி ஏழுங்கறேன். நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல, புரியுதா இல்லையா?

— எங்க லேப்ல ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி வெறும் வயித்தோட வரச் சொல்லுவோம். நீங்க சர்க்கரைத் தண்ணி குடுத்து உக்கார வெச்சுட்டு, ரிசல்ட்டு என்னன்னும் நீங்களே சொல்றீங்க.

— உங்க லேப் வேற, இது வேற. இங்க ஊசி கிடையாது.

— இருக்கற மாதிரிதான் தெரியுது. உங்களுக்கு வேர்த்து ஊத்துது.

— இன்னும் இருக்கு, கேளு. ஏணி முடிஞ்சதும் 'நேத்து' கேள்விங்க வரும். நேத்து நிறைய சிரிச்சீங்களா, நேத்து கவலையா இருந்தீங்களா, நேத்து நல்லா ஓய்வு எடுத்தீங்களா, நேத்து மத்தவங்க உங்களை மரியாதையா நடத்தினாங்களா. சிரிச்சேன்னு சொல்லு. கவலை இல்லன்னு சொல்லு.

— நேத்து நான் சிரிச்சேனா?

— சிரிச்சிருப்ப.

— நீங்க பாத்தீங்களா?

— ராத்திரி நான் வெளிய போயிட்டு வரும்போது நீ தூங்கிட்ட. தூங்கினா ஓய்வுதானே? அதுக்கும் ஆமான்னு சொல்லிடு.

— சரி, நீங்க நேத்து சிரிச்சீங்களா?

— என்னை எதுக்குக் கேக்கற? அந்தப் பொண்ணு போன்ல என் பேர் வரலையே.

— அதுவும் சரிதான்.

— இன்னொண்ணு. என் வேலையப் பத்திக் கேட்டா அரசாங்க வேலைன்னு மட்டும் சொல்லு. எந்தப் பிரிவுன்னு வாயத் தொறந்துடாத. தெரிஞ்சா நம்ம வீட்டையே கணக்குலேர்ந்து எடுத்துடுவாங்க. அப்புறம் மேல எழுதிப் போட்டாங்கன்னு வை, கிடங்குகூடக் கிடைக்காது எனக்கு.

— எழுதிப் போடுவாங்கன்னு தெரிஞ்சும் எதுக்கு இந்த விஷப் பரீட்சை? வேற வீடு பாத்துக்கோம்மான்னு வாசல்லயே சொல்லி அனுப்பியிருக்கலாமே.

— ஒரு ஏழு கிடைக்குமேன்னு பாத்தேன். வேற எவன் வீட்டுலயாவது போய் மூணு வாங்கிட்டு வந்தா? ...இரு. மணி அடிக்குது. வந்துடுச்சு. தலைய வாரிக்கோ.

— ஏணியில நிக்கறதுக்குத் தலை வேற வாரணுமா? போய்க் கதவத் தொறங்க.

— வாம்மா வா. சொன்ன நேரத்துக்கு வந்துட்ட. உள்ள வா, ஃபேனுக்குக் கீழ உக்காரு. இதான் என் வீட்டம்மா. நேத்து சொன்னேனே.

— வணக்கம்க்கா. வந்து... சார், மன்னிச்சுக்கோங்க. பேட்டி எடுக்கறப்ப அவங்க மட்டும்தான் இருக்கணும். அது விதி.

— நான் ஒரு ஓரமா பேப்பர் படிச்சிட்டு இருக்கேன். வாயே தொறக்க மாட்டேன்.

— இல்ல சார். பக்கத்துல ஆள் இருந்தா பதில் மாறிடும்னு சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சியே குடுக்கறாங்க. அப்புறம் மேற்பார்வையாளர் போன் பண்ணி, கூட யாராவது இருந்தாங்களான்னு இவங்களைக் கேப்பாரு. ஒரு வீடு தப்பாச்சுன்னா நான் இந்தப் பகுதி மொத்தமும் முதல்லேர்ந்து நடக்கணும் சார். ஏற்கெனவே ஒரு தடவை நடந்துட்டேன்.

— போங்க, உள்ள போய் உக்காருங்க. நான் சொல்லிக்கறேன்.

— சரி, சரி. போறேன். நீ... நிதானமா சொல்லு. அவசரப்படாத. தண்ணி வேணும்னா கூப்பிடு.

— சார், கதவையும் சாத்திக்கோங்க.

— சாத்திட்டேன்!

— அக்கா, ஆரம்பிக்கலாமா? எழுதியிருக்கறத அப்படியே வாசிப்பேன். ஒரு வார்த்தைகூட நானா சேக்கக்கூடாது. புரியலன்னா திரும்ப வாசிப்பேன், விளக்கம் சொல்ல மாட்டேன். தப்பா நினைக்காதீங்க.

— எங்க வேலையும் அப்படித்தான்ம்மா. கை நீட்டுங்க, விரல மடக்குங்க, அவ்வளவுதான் பேச்சு. நீ வாசி.

— நீங்க என்ன வேலை செய்யறீங்கன்னு முதல்ல போட்டுக்கறேன்.

— ரத்தப் பரிசோதனை லேப். ரத்தம் எடுக்கற வேலை. வர்ற மாசத்துலேர்ந்து புதுக் கிளைக்குப் பொறுப்பாளரா போறேன்.

— அட, வாழ்த்துக்கள்க்கா. இங்கயே பக்கத்துலயா?

— இல்ல, வேற ஊரு. பஸ்ஸுல அஞ்சு மணி நேரம்.

— சாருக்குப் பெருமையா இருக்குமே.

— இன்னும் சொல்லல.

— ஓ, திடீர்னு சொல்லலாம்னா?

— ம். திடீர்னுதான் இருக்கும் அவருக்கு. நீ அடுத்தது கேளு.

— இந்தப் படத்தப் பாருங்கக்கா. ஏணி. 'உச்சிப்படி உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இன்றைய நிலையில் நீங்கள் எந்தப் படியில் நிற்பதாக உணர்கிறீர்கள்?'

— எந்தப் படியில...

— திரும்ப வாசிக்கவா?

— இல்ல, புரிஞ்சுது. ஒரு நிமிஷம் இரு. இத யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல. அதான் கொஞ்சம் பாக்கறேன்.

— நிதானமா பாருங்க. நிறைய பேர் இப்படித்தான். நேத்து ஒரு வீட்டுல ஒரு பெரியவர் அழுதுட்டாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. அழுகைக்கு நம்பர் இல்லையேக்கா.

— அவர் என்ன சொன்னாரு?

— சொல்லக்கூடாதுக்கா.

— சரி, சொல்லாத. போன மாசம் நீ வந்திருந்தா மூணுன்னு சொல்லியிருப்பேன். யோசிக்காம சொல்லியிருப்பேன். இன்னிக்கு...

— அக்கா, ஒரு நிமிஷம். சார்! கதவுக்குக் கீழ நிழல் தெரியுது சார்!

— செருப்பு தேடறேன்ம்மா! செருப்பு!

— அவரு செருப்பு வாசல்ல இருக்கு. விடு. இன்னிக்கு எட்டு. எட்டுன்னு போட்டுக்கோ.

— எட்டு. சரிக்கா. 'இன்னும் ஐந்து ஆண்டுகளில் எந்தப் படியில் நிற்பீர்கள் என்று நினைக்கிறீர்கள்?'

— அப்பவும் எட்டு. பேராசை வேண்டாம்.

— 'நீங்கள் சிக்கலில் இருக்கும்போது, எந்த நேரத்திலும் நம்பி அழைக்க உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?' ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு.

— ஆமா.

— சரி. அடுத்தது...

— யாருன்னு கேக்க மாட்டியா?

— கேக்கக்கூடாதுக்கா.

— நீ கேக்கலன்னாலும் சொல்றேன், எழுதிக்காத. எங்க லேப்ல கூட்டிப் பெருக்கற அக்கா. நான் விழுந்து கை உடைஞ்சு குளியலறையில கிடந்தப்ப, இவருக்குப் போன் போட்டேன், போட்டேன், போட்டுக்கிட்டே இருந்தேன். அன்னிக்கு ஆபீஸ்ல ஏதோ பட்டியல் வந்திருந்துச்சாம், போனை மேஜை டிராயர்ல வெச்சுட்டாரு. கடைசியா அந்த அக்காவக் கூப்பிட்டேன். கையில வெளக்கமாத்தோட ஆட்டோவுல வந்து இறங்கினாங்க. கீழ வெச்சுட்டு வரணும்னுகூடத் தோணல. ஆஸ்பத்திரியில என்னைவிட அந்த வெளக்கமாத்தத்தான் எல்லாரும் பாத்தாங்க.

— ஐயோ அக்கா. இப்ப வலிக்குதா?

— இப்ப நீயா ஒரு கேள்வி சேத்துட்ட.

— ஆமால்ல. மன்னிச்சுக்கோங்க. 'நேற்று நீங்கள் நிறையச் சிரித்தீர்களா?'

— ஆமா. நேத்து சாயங்காலம் டிக்கெட் எடுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். வெளிய போறேன்னு காலையிலயே இவர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். 'ம்'னாரு. எங்கன்னு கேக்கல. அங்க நின்னு தனியா சிரிச்சேன். பக்கத்துல இருந்தவங்க பயந்தே போயிட்டாங்க.

— ஆமான்னு போட்டுக்கறேன். 'நேற்று நீங்கள் கவலையாக இருந்தீர்களா?'

— அதுவும் ஆமா. ரெண்டும் சேந்தே இருந்துச்சு. அப்படிப் போட இடம் இருக்கா?

— தனித்தனிக் கேள்விதான்க்கா, ரெண்டுக்கும் ஆமான்னு போடலாம். நிறைய பேர் போடறாங்க.

— நல்ல கேள்விங்கதான்ம்மா. யாரு யோசிச்சாங்களோ.

— அவ்வளவுதான்க்கா. இன்னும் ஒரே ஒரு விவரம் பாக்கி, அது சும்மா...

— எட்டு! எட்டுன்னு சொன்னியா நீ! என் காதுலயே விழுந்துச்சு!

— சார்! நீங்க வரக்கூடாது சார், இன்னும் முடியல!

— ஏணி முடிஞ்சுடுச்சுல்ல? ஏணி முடிஞ்சா எல்லாம் முடிஞ்ச மாதிரி. எட்டு! நான் ஏழுதான் சொல்லச் சொன்னேன், இவ எட்டு சொல்லியிருக்கா!

— சார்... நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?

— இல்ல, அது வந்து...

— இவ்வளவு சொல்லலாம்னு நீங்க சொல்லிக் குடுத்திருந்தா இந்தப் பேட்டி செல்லாது சார். நான் ரத்து பண்ணிட்டு எழுதி அனுப்பணும். சார், நீங்க எங்க வேலை பாக்கறீங்க?

— அரசாங்கம். அரசாங்க வேலை. இரும்மா, அந்தப் போனைக் கீழ வை. ரத்தெல்லாம் பண்ணிடாத. நான் சொல்றத நிதானமா கேளு. நான் சொல்லிக் குடுத்தது ஏழு, இவ சொன்னது எட்டு. ரெண்டும் ஒண்ணா? இல்லையே! நான் சொன்னத இவ கேக்கலன்னுதானே அர்த்தம்? அப்ப அது இவ சொந்தப் பதில்தானே? கணக்குப்படி பாத்தா இத விட நேர்மையான பதில் இந்தத் தெருவுலயே கிடைக்காது!

— எனக்குத் தெரியல சார். எனக்கு பயமா இருக்கு. திரும்பவும் மொத்தத் தெருவும் நடக்க முடியாது என்னால. அக்கா, நீங்களே சொல்லுங்க. யாருக்காகவாவது சொன்னீங்களா?

— இல்லம்மா. நானே சொன்னது. நானே நின்னு பாத்துட்டுச் சொன்னது.

— கேட்டியா! நான் என்னமோ மூணு நாலுன்னு சொல்லிடுவாளோன்னு ராத்திரி பூரா தூங்கல. மேலுக்கு ஏதாவது சொல்லிட்டு இருந்தாலும் மனசுல எட்டு வெச்சிருக்கா பாரு! இதுதான்ம்மா குடும்பம். ஏய், அந்த எட்டுக்குக் காரணம் மட்டும் ஒரு வரியில சொல்லு. திங்கக்கிழமை ஆபீஸ்ல நான்...

— ஆபீஸ்லயா சார்?

— இல்ல, சும்மா. நண்பர்கள்கிட்ட. நீ காரணத்தச் சொல்லும்மா.

— சொல்றேன். மொதல்ல அந்தப் பொண்ணு கேள்விய முடிக்கட்டும். கேளும்மா, ஏதோ ஒண்ணு பாக்கின்னியே.

— அது சும்மா விவரம்தான்க்கா. திருமண நிலை. சார்தான் எதிர்லயே நிக்கறாரே, நானே போட்டுடறேன்.

— நீயா எதையும் போடக்கூடாதுன்னு சொன்ன. எழுதியிருக்கறத அப்படியே வாசி.

— சரிக்கா. 'ஒன்று, திருமணமாகாதவர். இரண்டு, திருமணமானவர். மூன்று, கணவரைப் பிரிந்து வாழ்பவர். நான்கு, விவாகரத்து ஆனவர். ஐந்து, கணவரை இழந்தவர்.'

— இதுக்காவது நான் பதில் சொல்லலாமில்ல? ரெண்டு! ரெண்டப் போடும்மா!

— மூணாவதப் போடும்மா. அது இல்லாம அந்த எட்டு செல்லாது.